கல்யாணத்துக்குக் கேட்ட கையுறை

மகன்,

நீ அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். காது மந்தமாகிவிட்டது என்பதற்காக அல்ல. இவ்வளவு வெட்கங்கெட்ட ஒரு காரியத்தை இவ்வளவு பவ்வியமான குரலில் கேட்க முடிகிறதே என்பதற்காகத்தான். "அப்பா, தங்கச்சிட கல்யாணத்துக்கு மயூரிக்கு ஒரு கையுறை பின்னித் தாங்க. இடது கைக்கு மட்டும் போதும். மெல்லிய நூலில பின்னுங்க. கரைக்குப் பொன் நிறம் வைச்சா பாவாடைக்குச் சோக்கா இரிக்கும்." பாவாடையின் படத்தையும் அனுப்பியிருந்தாய். நூலின் நிறம் பிசகிவிடக்கூடாது என்ற கவலை உனக்கு. கல்யாணம் நடக்கப்போவது கல்லடியில், ஆனி மாதத்தில், கச்சான் காற்று சுட்டெரிக்கிற நாட்களில். அந்த வெக்கையில் உன் ஏழு வயது மகள் ஒற்றைக் கையில் ஒரு பின்னல் பையை மாட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். ஏனென்றால் அவளுடைய அப்பாவுக்கு மானம் பெரிது.

நான் தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். பேசினால் நீ "சரி அப்பா, சரி அப்பா" என்று சொல்லிக்கொண்டே வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். ஆகவே எழுதுகிறேன். உன் அம்மாவும் தங்கை தர்ஷினியும் வாசித்த பிறகு இதைப் படம் பிடித்து, நம் குடும்பத்தார் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே போடப்போகிறேன். ஒளித்து வைப்பதில் நீ கெட்டிக்காரன். எனக்கு அந்தக் கெட்டித்தனம் கடைசிவரை வரவில்லை. மயூரி நாளைக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்து இதை வாசித்தாலும் எனக்குப் பயமில்லை, இதில் அவளைக் குறைத்து ஒரு சொல்லும் இல்லை. குறைத்துச் சொல்லியிருப்பதெல்லாம் உன்னைத்தான்.

உனக்கு இந்தக் கையுறை யோசனை எங்கிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியாது என்று எண்ணாதே. உன் செய்திக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்பிள்ளைகளுக்கு மருதோண்டி போடுவதைப் பற்றித் தர்ஷினி சொன்னாள். உடனே மயூரி உன்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "மாமி, எனக்கும் போடுவீங்களா? ரெண்டு கையிலயும்?" என்று கேட்டாள். "ஓம்கா புள்ள, ரெண்டு கையிலயும்தான். உனக்குப் போட்டு முடிச்சி மறுகாதான் எனக்கு" என்றாள் உன் தங்கை. பிள்ளை இரண்டு கைகளையும் தூக்கிக் கமராவுக்கு நேரே காட்டினாள். அந்தக் கணமே எங்களுக்கு உன் வீட்டு முகடு தெரிந்தது. தொலைபேசி தானாகச் சரியவில்லை மகன். நீ சரித்தாய். நாங்கள் எல்லாரும் கண்டோம். அம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். அந்த வாரமே உன் செய்தி வந்தது.

கையுறை பின்னச் சொல்லி என்னிடம் வந்து நிற்கிறாய் அல்லவா, அந்தக் கதையையும் கேள். நுவரெலியாவில் தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில், நீ கைக்குழந்தை, அங்கத்தைய குளிரில் உன் விரல்கள் நீலமாகும். பக்கத்துக் குவாட்டர்சில் இருந்த மெனிக்கே என்ற பெண்ணிடம்தான் நான் ஊசி பிடிக்கப் பழகினேன். நான்கு விரலும் ஒரே பைக்குள், பெருவிரல் மட்டும் தனிப் பைக்குள். இப்படியென்றால் விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும் என்று அவள் சொன்னாள். இடமாற்றம் கிடைத்து மட்டக்களப்புக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. மலைநாட்டில் என்னோடு வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பின்னி அனுப்பினேன். இந்த வெயிலூரில் ஒரு ஆண்பிள்ளை, அரசாங்க உத்தியோகத்தன், வாசலில் கதிரை போட்டுக் கம்பளி நூலோடு உட்கார்ந்திருந்தால் ஊர் விடுமா? கல்லடிப் பாலத்தைக் கடந்து போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். காத்தான்குடியில் நூல் வாங்கப் போனால் கடைக்கார நானா, "சேர், இது எந்த ஊர்ப் புள்ளைக்கு? இஞ்ச போட்டா அவிஞ்சிருமே" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிட்டு வாங்கி வருவேன். வியர்வையில் நூல் விரலோடு ஒட்டும், துவாயால் துடைத்துத் துடைத்துப் பின்னுவேன். எனக்கு அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

உனக்கு மட்டும் அப்போதே விளங்கிவிட்டது. புளியந்தீவுப் பள்ளிக்கூடத்திலிருந்து உன் கூட்டாளிமார் சைக்கிளில் வருகிற ஒரு பின்னேரம், நீ என்னிடம் வந்து, "அப்பா, கொஞ்ச நேரம் பின் விறாந்தையில போய் இரிங்க" என்றாய். மீசை அரும்பாத வயது. நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் படலைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். வந்த பையன்களில் ஒருவன் ஊசியை வாங்கிப் பார்த்து, இதில் மீன் வலை பின்னலாமா என்று கேட்டான். மற்றவன் தன் தம்பிக்கு ஒரு தொப்பி பின்னித் தரச் சொன்னான். ஒருவனும் பகிடி பண்ணவில்லை. நீ ஒருவன்தான் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தாய். அது சின்னப் பிள்ளைத்தனம், வளர்ந்தால் போய்விடும் என்று அம்மா சொன்னாள். வளர்ந்தாய். கனடாவுக்குப் போனாய். வீடு வாங்கினாய். அந்த வெட்கம் மட்டும் போகவில்லை, இன்னும் கொழுத்துப்போய் உன்னோடுதான் இருக்கிறது.

மயூரி பிறந்த அன்று நீ எடுத்த தொலைபேசி அழைப்பை நான் மறக்கவில்லை. இடது கையில் பெருவிரல் முழுசாக இருக்கிறது, மற்ற நான்கும் மொட்டுப்போல நின்றுவிட்டன என்று அழுதுகொண்டு சொன்னாய். அழுதது சரி. அந்த அழுகைக்கு நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன், நானும் அழுதேன். ஆனால் அழுது முடித்த கையோடு, "ஆருக்கும் சொல்லிராதீங்க" என்றாயே, அதைத்தான் சொல்கிறேன். நீ வீணாகக் கஷ்டப்பட்டாய் மகன். அம்மா அன்று பின்னேரமே கோயிலுக்குப் போகிற வழியில் ஒன்றுவிட்ட அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டாள். அக்கா சந்தையில் சொல்லியிருப்பாள். ஒரு கிழமைக்குள் நான் சவரக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, "பேத்திட கை எப்பிடி சேர், பால் குடிக்கிறாளா?" என்று கேட்டார்கள். பால் குடிக்கிறாள் என்றேன். நல்லது என்று சொல்லி முடியை வெட்டினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஏழு வருஷமாக நீ பூட்டி வைத்திருக்கிற இரகசியம் இந்த ஊரில் ஆறிய பழங்கஞ்சி. அது தெரியாதவன் நீ ஒருவன்தான்.

குளிருக்குக் கையுறை வேண்டும் என்று முதலில் கேட்டது உன் மனைவி பவானிதான். நான் நுவரெலியாக் குளிரை நினைத்துக்கொண்டு, சட்டை தைப்பதுபோல் கைக்கு ஒட்டினாற்போல் பின்னி அனுப்பினேன். பெரிய வித்துவான் என்ற நினைப்பு எனக்கு. "மாமா, வடிவா இரிக்கு, ஆனா புள்ளைட கை ஐஸ் மாதிரிக் குளிருது" என்று பவானி நேராகச் சொன்னாள். உள்ளே காற்று நிற்க இடம் விட்டுப் பின்ன வேண்டுமாம், இறுக்கினால் குளிர் நேராகத் தோலில் ஏறுமாம். எனக்கு யார் சொல்லித் தந்தார்கள், இந்த ஊரில் துணி என்பது வியர்வையில் உடம்போடு ஒட்டி உலர்கிற சாமான். அதற்குப் பிறகு பவானி பிள்ளையின் இரண்டு கைகளையும் கடதாசியில் வைத்து வரைந்து அனுப்பினாள். கடைக் கையுறை இடது கையில் நிற்காது, வழுகி விழுந்துவிடும். நான் பையைக் குட்டையாக்கி, மணிக்கட்டுப் பட்டியை நீளமாக்கிப் பின்னினேன். பனியில் உருண்டாலும் கழலவில்லை என்று மயூரி குதித்துக் குதித்துக் காட்டினாள். அந்தக் கையுறை குளிருக்கு. கேட்கிறாயா? குளிருக்கு. நாளைக்கும் பின்னுவேன், கண் தெரிகிற வரைக்கும் பின்னுவேன்.

பிறகு நீ கேட்டது வேறு. பள்ளிக்கூடத்தில் சூடாக்கும் இயந்திரம் பழுதாம், வகுப்புக்குள்ளே போட மெல்லியதாக ஒன்று வேண்டுமாம். நம்பிப் பின்னி அனுப்பினேன். அந்த வகுப்பில் பிள்ளைகள் குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றிவிட்டு இருக்கிறார்கள் என்று பவானி சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. பெற்ற தகப்பனிடம் இயந்திரம் பழுது என்று பொய் சொல்லி, பெற்ற மகளின் கையை மூடி வைத்திருக்கிறாய். இதில் எதை முதலில் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

போன வருஷம் நீங்கள் வந்தபோது கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனோம். அந்த மெல்லிய கையுறையோடுதான் பிள்ளையை அழைத்து வந்தாய். உன் ஊர்ப் பனியில் எல்லார் கையிலும் கையுறை இருக்கும், யாரும் பார்க்கமாட்டார்கள். இங்கே அவ்வளவு சனத்துக்குள்ளே ஒரே ஒரு பிள்ளையின் ஒரே ஒரு கையில் கையுறை. திருவிழாவுக்கு வந்தவர்கள் சாமியைப் பார்த்ததைவிட அவள் கையைப் பார்த்ததுதான் அதிகம். ஒளிக்கத் தெரிந்தவன் இப்படியா ஒளிப்பான்? அந்தக் கை சும்மா இருந்திருந்தால் ஒரு முறை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். நீ அதற்கு மூடி போட்டு, உள்ளே என்ன, உள்ளே என்ன என்று வெளியூர்ச் சனத்தையெல்லாம் கேட்க வைத்தாய். ஐஸ்கிறீம் விற்கிறவனும் கேட்டான். "பாப்பாட கைக்கு என்ன அண்ணன்?" நீ கொஞ்சமும் தயங்கவில்லை. "சுடுதண்ணி பட்டிட்டு" என்றாய்.

நான் உன்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தேன். அவள் உன்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள், பிறகு ஐஸ்கிறீமை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள், "சுடுதண்ணி பட்டிட்டு" என்று. அப்பா சொன்னதைப் பிசகாமல் சொன்னாள். நீ பெருமைப்படலாம். வீட்டுக்கு வந்து அம்மா அந்தக் கையுறையைக் கழற்றினால் மணிக்கட்டு முழுக்க வெக்கைப் பரு. சந்தனம் குழைத்துப் பூசினாள். நீ அந்த நேரம் உள்ளே படுத்து நித்திரை.

அப்போது மயூரி என்னிடம் கேட்டதை இதுவரை நான் உனக்குச் சொல்லவில்லை. "அப்பப்பா, சுடுதண்ணி பட்டது சுகம் வந்தா விரல் வருமா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார், ஆகவே சுட்டதுதான் உண்மை, சுட்டது ஆறும், ஆறினால் விரல் வரும் என்று அந்தப் பிள்ளை தனக்குள் கணக்கு முடித்து வைத்திருந்தது. நான் இல்லை என்றேன். "வராது மயூரி. நீ பிறக்கக்குள்ளயே உன்ட கை இப்பிடித்தான். ஒண்டும் சுடல்ல." "அப்ப அப்பா ஏன் சொன்னவர்?" என்றாள். அதற்குப் பதிலை நீயே எழுதி அனுப்பு. உன் படிப்புக்கு ஏற்ற மாதிரி நல்ல தமிழில் எழுது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அவளுக்காகத்தான் அப்பா, ஆக்கள் பகிடி பண்ணுவாங்க, அவள் மனசு உடைஞ்சிடும்" என்பாய். ஆர் அந்த ஆக்கள்? ஒருவர் பேரைச் சொல். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். உன் பெரிய மாமா பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். சித்தப்பாவுக்கு ஒரு கண் போய் எத்தனையோ காலம், அவர் தன் பாட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஓடுகிறார், நாங்கள்தான் ஒதுங்க வேண்டும். இந்தச் சபையா உன் மகளின் விரலை எண்ணப்போகிறது? பகிடி பண்ணுகிற ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்தான். அவர்களுக்கு மயூரி பதில் சொல்லுவாள், அவளுக்கு வாய் இருக்கிறது. நீ அதையும் சேர்த்து மூடாதே.

மாப்பிள்ளைப் பொடியனைப் பற்றியும் உனக்குப் பயம் என்று தர்ஷினி சொன்னாள். கதிரவெளியில் கடலுக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளை, இவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கேட்டாயாம். உன் தங்கை மயூரியின் கையைப் பற்றி அவனிடம் முதல் மாதமே சொல்லிவிட்டாள். அவன் கேட்டது ஒன்றுதான், "அவ நீந்துவாவா?" நீந்தமாட்டாள் என்றதும், வந்தால் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்குகிறேன் என்றான். அந்த வீட்டில் யோசித்ததெல்லாம் அவ்வளவுதான். பெண்ணின் தமையன் என்று நீ அவன் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்து வர வேண்டும். கழுவும்போது அந்தக் கால்களைக் கொஞ்சம் கவனித்துப் பார். கடலில் முருகைக்கல் வெட்டின தழும்பு எல்லாம் திறந்தபடிதான் இருக்கும். அவன் காலுக்கு மேசு மாட்டி மறைத்துக்கொண்டு வரமாட்டான்.

ஒரு புத்திமதியும் சொல்லாமல் தகப்பன் கடிதம் எழுதலாமா? சொல்கிறேன். உனக்கு வெட்கம் வந்தால் உன் முகத்தை மூடிக்கொள். அது உன் முகம், உன் இஷ்டம். மற்றவர் கையை மூட உனக்கு உரிமையில்லை, அது நீ பெற்ற பிள்ளையின் கையாக இருந்தாலும். அந்தக் கையால் அவள் சோற்றுப் பாத்திரத்தைப் பிடிக்கிறாள், சப்பாத்து நாடாவைப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு முடிச்சுப் போடுகிறாள். நீ பத்து விரலையும் வைத்துக்கொண்டு செய்தது ஒரு தொலைபேசியைச் சரித்தது.

இங்கேயே முடித்திருப்பேன். நேற்று நீ வேலையில் இருந்த நேரம் மயூரி தன் அம்மாவின் தொலைபேசியிலிருந்து என்னை அழைத்தாள். அப்பாவுக்குச் சொல்லக்கூடாது, இரகசியம் என்றாள். சரி என்று சொன்னேன், இப்போது வாக்கை உடைக்கிறேன், அவள் மன்னிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் பின்னல் பழக்குகிறார்களாம். ஒரு ஊசியைக் கக்கத்தில் இடுக்கி, இடது பெருவிரலால் நூலைத் தள்ளித் தள்ளிப் பின்னுகிறாள். வகுப்பில் அப்படிப் பிடிக்க யாரும் சொல்லித் தரவில்லை, தானே கண்டுபிடித்ததாம். சாம்பல் நிறத்தில் பெரிதாக ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். கண்ணிகள் கோணல் மாணல்தான், ஆனால் கையுறை என்று தெரிந்தது.

"ஆருக்கு மயூரி இவ்வளவு பெரிசா?"

"அப்பாக்கு. இடது கைக்கு மட்டும். கல்யாணத்துக்கு."

"அப்பாக்கு என்னத்துக்கு?"

"ஆக்கள் என்ட கையைப் பாக்கக்குள்ள அப்பா பயப்பிடுறார் அப்பப்பா. அவர்ட முகம் வேற மாதிரி வரும். அவரும் ஒண்டு போட்டா நாங்க ரெண்டு பேர்தானே. அவருக்குத் தனிய இருக்காது."

நான் தொலைபேசியை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். இவ்வளவு நேரமும் உன்னைத் திட்டினேன், கல்யாணத்துக்கு வந்தால் நேரிலும் திட்டுவேன். அந்தப் பிள்ளை உன்னைத் திட்டவில்லை. நீ ஒரு பயந்தாங்கொள்ளி என்று அதற்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகும் உனக்குத் துணைக்கு வருகிறது. இதைவிடக் கேவலமாக உன்னைப் பற்றி என்னால் ஒன்றும் எழுத முடியாது மகன்.

அவள் என்னிடம் கேட்க வந்தது உன் கையின் அளவு. நீ சோபாவில் நித்திரை கொள்ளும்போது அளந்தாளாம், பெருவிரல் உள்ளுக்கு மடிந்து கிடந்ததால் அதை அளக்க முடியவில்லையாம். நான் அளவு சொல்லவில்லை, அப்பாவையே கேள் என்று சொல்லிவிட்டேன். இன்றோ நாளையோ வந்து கேட்பாள். கேட்டால் உட்கார்ந்து அவளோடு பேசு, சொல்ல வேண்டியதைச் சொல். பிந்தாதே. பெருவிரல் மட்டும்தான் இனிப் பின்ன மிச்சம் என்றாள்.

அப்பா